அம்மாவுக்கு வந்த குச்சி

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள்; சத்தியம் செய்ய எனக்குத் தெம்பில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சாயங்காலம் ஆறு பத்துக்கு நடந்தது. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் அம்மா ஓட்டக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கொடுத்ததே அவள் கால்களுக்காகத்தான். விடிந்ததும் பயிற்சி, பகலெல்லாம் காதில் ஹெட்போனோடு லைன் போட்டுக் கொடுப்பது. நூறு மீட்டரில் மூன்று வருஷம் அவளை யாரும் முந்தவில்லை. "தொடை தெரிய ஓடுறாளே" என்று வாயைப் பிளந்த சொந்தக்காரர்களே பதக்கத்தைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள்.

எல்லாம் ஒரு ரிலே ஓட்டத்தில் முடிந்தது. நாலு பெண்கள். அம்மா கடைசி ஆள். மூன்றாவது ஆளுக்கு நெட்டை என்று பட்டப்பெயர், அம்மாவின் உயிர்த்தோழி. ரிலேயில் குச்சி வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவள் "கை!" என்று கத்துவாள். ஓடிக்கொண்டே கையைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். அன்று அவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். நெட்டை கத்தினாள். அம்மா நீட்டினாள். குச்சி விரலில் பட்டுக் கீழே விழுந்தது. நீ விட்டாய், இல்லை நீதான் விட்டாய் என்று அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அடுத்த மாதம் அம்மாவுக்குக் கல்யாணம். ஸ்பைக் ஷூ பரணுக்குப் போனது.

அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. எங்கள் வீட்டில் வாசலிலிருந்து பின்னறை வரை நீளமாக ஒரு நடை. நான் சின்னவளாக இருந்தபோது, துடைப்பக் கட்டைத் துண்டை வைத்து அந்த நடையில் எனக்குக் குச்சி வாங்கப் பழக்கினாள். திரும்பிப் பார்த்தால் முதுகில் ஒன்று விழும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அம்மா பின்னறையில் படுத்த படுக்கையானாள். பேச்சும் நின்றது. டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பார்த்துப் பார்த்து மரத்துப் போயிருந்தேன். ஆனாலும் அவள் போகக் கூடாது. அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வலது கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கையை விரித்து. போர்வைக்குள் வைத்தால் மறுபடி நீட்டினாள்.

தரையில் கறுப்புப் பொடி வேறு. முதலில் வாசலில். மறுநாள் நடையில் கொஞ்சம் உள்ளே. அம்மாவைக் கவனிக்கப் பகலில் வந்துபோகும் நர்ஸைக் கேட்டேன்.

"நான் செருப்பை வெளியிலதான் விடுறேன், அக்கா."

விரலில் எடுத்துத் தேய்த்தேன். நிலக்கரிச் சாம்பல். அந்தக் காலத்து ஓடுபாதையில் அதைத்தான் கொட்டியிருப்பார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அன்று வியாழக்கிழமை. நர்ஸ் போனதும் வாசல் கதவைத் தாழிட்டேன். கை சில்லிட்டுப் போகுமே என்று அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகினேன். வாசலை ஒட்டிய சமையலறையிலிருந்து வெந்நீர் எடுத்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பி நடந்தேன்.

சரக்... சரக்... சரக்...

பின்னால்.

மொசைக் தரையில் சாம்பலை மிதிக்கும் சத்தம். வேகமாக. கூடவே மூச்சிரைப்பு.

கதவு தாழிட்டிருக்கிறதே...

என் கால்கள் தானாக வேகமெடுத்தன.

"கை!"

பெண் குரல். கரகரத்த குரல்.

என் வலது கை பின்னுக்குப் போனது. நான் நீட்டவில்லை. அது பழகிய கை.

பட்டென்று வந்து விழுந்தது. கட்டை. சூடு. வியர்வை ஈரம்.

விரல்கள் மூடிக்கொண்டன.

திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் மெதுவானது... நின்றது.

கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பின்னறையில் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வந்ததுடி அது. நீ ஏன் வாங்கினே?"

மறுநாள் அம்மா பசிக்கிறது என்றாள். ஒரு வாரத்தில் நடந்தாள். "எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டாங்க" என்று டாக்டர் சிரித்தார். என் வலது உள்ளங்கை மட்டும் மரத்தே கிடந்தது. அவர் ஊசியால் குத்திப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

பிறகு ஒரு போன் வந்தது. நெட்டையின் மகன். அவரை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா தவறிட்டாங்க. போன வாரம் வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்துக்கு. அவங்க டீம்ல முதல்ல ஓடினவங்க மாச ஆரம்பத்துல போனாங்க. அடுத்த வாரமே ரெண்டாவது ஆளு. உங்கம்மாவாச்சும் நல்லா இருக்காங்களான்னு..."

"இருக்காங்க."

"அம்மா கடைசியா சிரிச்சாங்க. 'இந்தத் தடவை விழல. வாங்கிட்டா'ன்னு சொன்னாங்க."

இப்போது மரத்துப்போனது தோள் வரை ஏறிவிட்டது. தினமும் ஆறு பத்துக்கு அம்மா எனக்கு முதுகு காட்டி நின்று கையைப் பின்னால் நீட்டுகிறாள்.

"குடுத்துடு கண்ணு. அது என் ஓட்டம்."

நான் "கை!" என்று சொல்லி, வெறும் உள்ளங்கையை அவள் கையில் வைக்கிறேன். இருவரும் அப்படியே நிற்கிறோம்.

"வரலடி" என்று அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை.

கறுப்புப் பொடி மறுபடி விழுகிறது. இப்போது என் கட்டிலடியில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் போகிறது. தினமும் கொஞ்சம். இன்று காலை வாசற்படியைத் தொட்டிருந்தது. பெருக்காமல் விட்டுவிட்டேன்.