காய்ந்த கூந்தலைத் துவட்டியவள்

அந்தக் கேமரா திரும்பும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், தகரத்தை யாரோ நகத்தால் மெதுவாகக் கீறுகிற மாதிரி. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்த அந்த நீளமான வீட்டின் கூடத்தில், விளக்கு மாடத்துக்கு எதிர்ச் சுவரில், உத்தரத்தை ஒட்டி அதைப் பொருத்தியிருந்தார்கள். வெள்ளையாக, உரித்த தேங்காய் அளவில், நடுவில் ஒற்றைக் கறுப்புக் கண்ணோடு இருக்கும். நடமாட்டம் இல்லாத நேரத்தில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் என் அக்கா விளக்கேற்ற வந்து நின்றதும் அந்தச் சத்தத்தோடு தலை நிமிரும். இன்று நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் கேமராக்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க டைப் அடிக்கிறேன், ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் எங்காவது தகரத்தில் எதுவோ உரசினால் போதும், விரல்கள் நின்றுவிடுகின்றன. அக்கா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு உப்பிலியபுரம் பக்கம். அப்பா அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர். அந்த வெங்காயம் போய் இறங்கும் காந்தி மார்க்கெட்டுக்கே மூட்டை தூக்க வந்து சேர்ந்தார். தென்னூரில் வாய்க்கால் ஓரமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்தாள். அக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிற வேலை பார்த்தாள். இந்த மாதிரி ஊரில் ஏழைகள் தனியாகத் தெரிவதில்லை. துவைத்த சட்டையும் பூ வைத்த தலையுமாக எல்லோரோடும் கலந்து பஸ்ஸில் போவார்கள். மூன்று பேர் சம்பாதித்தும் மாதம் முடிகிறவரை எட்டாத வருமானம் என்பது, பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. என்னைக் காலேஜில் சேர்த்த வருடம், தென்னூர் அறையை இடித்துக் கடை கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப்போன முதல் ஆள் நான். அந்த வருடம் பார்த்துத் தலைக்கு மேலே இருந்த கூரை போனது.

அப்போதுதான் மண்டபத்து வேலைக்கு வந்த யாரோ சொல்லி அந்த வீடு கிடைத்தது. சொந்தக்காரர் அமெரிக்காவில் இருந்தார். வயதான தாயாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. வாடகை வேண்டாம், பின்கட்டில் இருந்துகொள்ளலாம், வாசலில் கோலம் போட்டு, சாயங்காலம் கூடத்து மாடத்தில் விளக்கேற்றினால் போதும் என்றார். "பெருமாள் உள்ளுக்கு மட்டும் போகாதீங்கோ. மத்தபடி நம்மாத்து மாதிரி இருந்துக்கலாம்" என்று பூஜை அறையைக் குறித்துப் போனில் சொன்னார். அப்படி யாரால் இருக்க முடியும்? ஓசை கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று பாத்திரத்தை மெதுவாக வைத்தோம். கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தால், கேமராவின் பார்வை படாத சுவரோரமாக முதுகைத் தேய்த்துக்கொண்டு போனோம். "நாமதான்டா இந்த வீட்டுப் பேயி" என்று அப்பா சிரிப்பார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் நான்கு பேர் இருந்தோம் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

முதலில் அம்மாதான் விளக்கேற்றினாள். முகூர்த்த நாள் ஒன்றில் அம்மா மண்டபத்திலேயே தங்கிவிட, கடைக்கு லீவு போட்டிருந்த அக்கா போய் ஏற்றினாள். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். சுடர் நிமிர்ந்ததும் அந்தத் தகரச் சத்தம் கேட்டது. பிறகு கேமராவிலிருந்து ஒரு பெண் குரல், கிழிந்த காகிதம் மாதிரி, வெகு அருகில் கேட்டது.

"வந்துட்டியாடி குழந்தே? ஏன் இவ்வளவு நாழி?"

அதற்குள் ஸ்பீக்கர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அக்கா கையிலிருந்த தீப்பெட்டியைப் போட்டுவிட்டாள். ஆனால் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வளர்ந்தவள். "வந்துட்டேன்ம்மா" என்றாள். அந்தப் பக்கம் யாரோ விசும்புவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருடைய அம்மாவுக்கு நினைவு தப்பிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டதாம், யாரோடும் பேசுவதில்லையாம். வீட்டைக் காட்டினால் மனசு தேறுமோ என்று தினமும் காலையில், அதாவது எங்கள் சாயங்காலத்தில், அந்தப் படத்தைக் காட்டி வந்திருக்கிறார். இன்றைக்குத்தான் வாய் திறந்தாராம், இரண்டு இட்லி சாப்பிட்டாராம். "என் தங்கைன்னு நினைச்சுண்டுட்டாம்மா" என்றார். தங்கை எங்கே என்று அக்கா கேட்டாள். ஆடி மாதம் காவேரியில் புதுவெள்ளம் வந்த நாளில் யாரிடமும் சொல்லாமல் குளிக்கப் போனவள் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றார். அப்போது அவளுக்கும் அக்காவின் வயதுதான்.

அதற்குப் பிறகு தினமும் அக்காதான் விளக்கேற்ற வேண்டும் என்று ஆனது. ஜவுளிக்கடையில் அந்த நேரத்துக்கு விட மாட்டார்கள் என்றதற்கு, "கடைச் சம்பளத்தை நான் தந்துடறேன், வேலையை விட்டுடச் சொல்லுங்கோ" என்றார். பிறகு ஒரு நாள், கூடத்தை ஒட்டிய அறையில் டிரங்குப் பெட்டி இருக்கிறது, அதிலிருக்கும் நீலத் தாவணியைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பெட்டியைத் திறந்தபோது வந்த வாசனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ரசகற்பூரமும் அதற்கு அடியில் ஆற்றுச் சேறு மாதிரி ஏதோ ஒன்றும். ஈரச் சுவரின் வாசனையாக இருக்கலாம். செத்தவள் துணி என்று அம்மா அழுதாள். அக்காதான் தாவணியை உதறித் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "கால் வலிக்க நின்னு அடுத்தவங்களுக்குச் சேலை காட்டினேன். இப்ப நானே கட்டிக் காட்டப்போறேன், அவ்வளவுதானே" என்றாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "நீ படிச்சு முடிக்கறவரைக்கும் நான் செத்தவளா இருக்கேன்டா. பரவாயில்ல."

அந்தக் குரல் பெரிதாக எதுவும் கேட்காது. பூ வாங்கினாயா, சேவித்துக்கொண்டாயா, தளிகை, அதாவது சமையல், ஆயிற்றா, இவ்வளவுதான். அக்காவுக்கு நாங்கள் பேசுகிற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அம்மா மறைவில் நின்று வாயசைத்துச் சொல்லிக் கொடுப்பாள். வீடு போய்விடக் கூடாது என்கிற பயம்தான். சீக்கிரத்தில் அது தேவைப்படவில்லை. ரேஷன் அரிசியை உலையில் போட்டுவிட்டு அக்கா ஒருநாள் அப்பாவிடம், "தளிகை ஆயிடுத்து, வாங்கோ" என்றாள். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கிறார் என்று கேட்டாள். அப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் அந்தக் குரல், "தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கேடி. துவட்டிக்கோ, ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்றது. அக்கா அன்று தலைக்குக் குளிக்கவே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தாவணி முனையால் துடைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே பேச்சு. அதிலிருந்து அம்மா விளக்குத் திரியோடு ஒரு துண்டையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். விளக்கை ஏற்றிவிட்டு, கேமராவுக்கு முகம் காட்டி நின்று, காய்ந்த கூந்தலை அக்கா வெகுநேரம் துவட்டுவாள். அந்தக் குரல், "இன்னும் போகலை, இன்னும் போகலை" என்றுகொண்டிருக்கும். பின்கட்டில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது, கேமரா இல்லாத அங்கேயும் அவள் துவட்டுவதைப் பார்த்திருக்கிறேன். "இங்க யாருக்கா பாக்கறாங்க?" என்று கேட்டேன். "நிஜமாவே ஈரமா இருக்குடா. தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. ஆனால் விரலை எடுத்த பிறகும் குளிர் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு வரன் வந்தது. உப்பிலியபுரத்துச் சொந்தம். மாப்பிள்ளை சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். அவரும் அவருடைய அம்மாவும் பின்வாசல் வழியாகப் பெண் பார்க்க வந்தார்கள். மதியம் வர வேண்டியவர்கள் பஸ் தாமதத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அக்கா நீலத் தாவணிக்கு மாறியிருந்தாள். காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து, "குழந்தே, எங்கேடி இருக்கே?" என்று குரல் வந்தது. "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். என்ன வீடு, யார் கூப்பிடுவது என்று எட்டிப் பார்க்கப் போன அந்த அம்மாள், ஆளில்லாத கூடத்தில் நீலத் தாவணி கட்டிய பெண் சுவரோடு பேசிக்கொண்டு காய்ந்த தலையைத் துவட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"அது கேமராங்க" என்றாள் அம்மா.

"கேமரா பாக்கும், தெரியும். கூப்பிடுமா? எனக்கா காது குத்தற? பொண்ணுமேல என்னமோ இருக்கு. மந்திரிச்சு விடாம பொண்ணு காட்டறீங்களே, நல்லா இருப்பீங்களா" என்று திட்டிக்கொண்டே மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா பின்னால் போகவில்லை. அவளுக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்தார். நேராகக் கூடத்தின் நடுவில் போய் நின்று, நாங்கள் யாரும் ஒருநாளும் நிற்காத இடத்தில் நின்று, கேமராவை அண்ணாந்து பார்த்தார். "இதுவா கூப்பிட்டது? எங்க லாட்ஜுல மாடிக்கு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, "வணக்கம்ங்க" என்று அதற்குக் கும்பிடு போட்டார். அந்த வீட்டில் அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பா அவரை உட்கார வைத்து, தம்பி படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இப்போது பெண்ணை அனுப்பினால் வீடு போய்விடும், அதுவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"பொறுத்துக்கறேன்ங்க" என்றார் அவர். "ஆனா அது வரைக்கும் உங்க பொண்ணு உங்க பொண்ணாவே இருக்குமா?"

அக்கா எழுந்து உள்ளே போனாள். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும், கடைக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் பழைய பூப்போட்ட சேலையில் வந்தாள். துண்டை எடுக்கவில்லை. சுவரோரமாக வராமல் நடுக்கூடத்தின் வழியாக நடந்து போய் விளக்கேற்றினாள். கேமரா தலை நிமிர்ந்தது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியாடி?"

"அம்மா, எனக்குக் கல்யாணங்க. நான் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்" என்றாள் அக்கா, எங்கள் பேச்சில்.

ஸ்பூன் சத்தம் நின்றது. கூடத்தில் எங்கள் நான்கு பேரோடு மாப்பிள்ளையும் நின்றார். விளக்கு மட்டும் படபடத்தது.

"போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேங்க."

"இந்தத் தடவையாவது சொல்லிண்டு கிளம்பறியே" என்றது குரல். "அது போறும்."

அந்தத் தகரச் சத்தத்தோடு கேமரா மெதுவாகக் குனிந்து தரையைப் பார்த்தது.

அன்று ராத்திரியே வீட்டுக்காரர் போன் செய்தார். கோபப்படுவார் என்று பயந்துகொண்டே அப்பா எடுத்தார். அவர் கோபப்படவில்லை. தன் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய அம்மா அந்த வீட்டுப் படத்தைத் தேடவே இல்லையாம். எனவே விளக்கும் தேவைப்படவில்லை, நாங்களும் தேவைப்படவில்லை. சில வாரம் கழித்து, வீட்டை விற்கப் போவதாகப் பணிவாகச் சொன்னார். தென்னூரில் முன்பைவிடச் சின்ன அறை ஒன்றைப் பிடித்தோம். கடைசி வருடம் முழுக்கக் காலேஜ் விட்டதும் நான் அப்பாவோடு மண்டியில் மூட்டை தூக்கினேன். படிப்பு முடிந்தது. அந்த வீட்டில் இப்போது யாத்ரீகர்கள் தங்குகிறார்கள். ஒரு முறை அந்த வழியாகப் போனபோது வாசல் திறந்திருந்தது. பிள்ளைகள் கூடத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் என்னை அறியாமல் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரோரமாக ஒதுங்கி நடந்துகொண்டிருந்தேன்.

அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டு அக்கா சமயபுரத்தில் இருக்கிறாள். இரண்டு அறை வாடகை வீடு. தேங்காய், பழத் தட்டு விற்கிற கடைக்குப் போகிறாள், மாமா இன்னும் அதே லாட்ஜில். வறுமை முழுசாக விட்டுவிடவில்லை, ஆனால் அவரவர் பேச்சை அவரவர் பேசுகிறார்கள். போன மாதம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஏற்றிவிட அக்காவும் கூடவே கிளம்பினாள். மாமா வேலைக்குப் போயிருந்தார், பிள்ளை பள்ளிக்கூடத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிலைப்படியில் நின்று, காலியான வீட்டுக்குள் பார்த்து, "போயிட்டு வரேங்க" என்றாள். எப்போதுமே இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். அந்த வீட்டில் கேமரா கிடையாது. அக்கா உடனே நகரவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்து நின்றாள். பிறகு எதையோ கேட்டுவிட்டவள் மாதிரித் தலையசைத்துக்கொண்டு, கதவை இழுத்துப் பூட்டினாள்.