கடைசி வாங்கில் ஒரு தாய்

பனிச்சங்கேணியில் காலை வெயில் களப்பு நீரில் பட்டுத் தெறித்து, எங்கள் வகுப்பறையின் கிடுகுக் கூரையில் அலைந்துகொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றும். அந்த வெளிச்சத்தின் கீழே புத்தகத்தைத் திறந்து வைத்தபடி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்த ஒன்பது வயதுப் பிள்ளையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அவளுடைய அம்மாவைப் பற்றி.

போர்க்காலம் அது. கல்லடியிலிருந்து மாற்றலாகிப் போயிருந்த எனக்கு, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தனியே இருத்திப் படிப்பிக்கும் வகுப்பைப் பள்ளி அதிபர் தந்திருந்தார். பெரும்பாலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பு விட்டுப்போன பிள்ளைகள். கொஞ்சம் கைகொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். இவள் அப்படியில்லை. இரண்டாம் ஆண்டிலேயே நன்றாக வாசித்தவள் என்று பழைய ஆசிரியை சொன்னார். இப்போதோ 'அ'வைக் காட்டினாலும் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரேயொரு நாள், "எழுத்தெல்லாம் அசையுது ரீச்சர்," என்றாள். கண்ணில் குறை என்று நினைத்தேன். பிறகு புத்தியில் குறை என்றும் நினைத்தேன். அதை எண்ண இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தாயை வரச் சொன்னேன். களப்பில் இறால் பிடித்துவிட்டு ஈரச் சேலையோடு நேரே வந்தார். உட்கார்ந்தால் வாங்கு நனைந்துவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"எங்கட வீட்டில எழுத்துத் தெரிஞ்ச ஆள் அவள் ஒருத்திதான் ரீச்சர். வேலைக்கெண்டு போன அவள்ர அப்பா திரும்பி வரல்ல. நாலு மாசம் கழிச்சு ஒரு கடிதம் வந்திச்சு. வாசி மகள் எண்டு நான்தான் குடுத்தன். அப்பா செத்துட்டார், அங்கயே அடக்கம் செஞ்சாச்சு எண்டு இருந்திச்சு. புள்ள எழுத்தெழுத்தாக் கூட்டி வாசிச்சு முடிச்சிட்டு, 'நான் பிழையா வாசிச்சிட்டன் அம்மா' எண்டாள். அதோட சரி."

சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, "அவள்ர கையில குடுத்திருக்கக் கூடா," என்றார்.

"நீங்க என்ன செய்யிற, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே," என்றேன். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை, காய்ந்த சேலை உடுத்துவந்து, கடைசி வாங்கில் மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். "நான் படிச்சிட்டா அவள் வாசிக்கத் தேவையில்லத்தானே ரீச்சர்." பிள்ளைகள் சிரித்தார்கள்; சில நாளில் பழகிவிட்டார்கள். உப்பில் வெடித்த விரல்களால் 'ழ' எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டு நாங்கள் வாங்குக்குக் கீழே பதுங்கினால், ஒரு கையில் மகளையும் மறு கையில் சிலேட்டையும் இழுத்துக்கொண்டு பதுங்குவார். மகளிடம் நான் எதுவும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மாரி தொடங்கிய ஒரு காலை. தாய் விரல் வைத்து, "ப... க... டு," என்று வாசித்தார்.

"பகடு இல்லம்மா. படகு," என்றாள் மகள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அந்தத் தாய் விட்ட பிழைகளில் எத்தனை உண்மையான பிழைகள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது நான், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல் பற்றி இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பிள்ளையின் வாசிப்பை அளக்க எத்தனையோ படிவங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை கடைசியாக வீட்டில் எதை வாசித்தது என்று கேட்க அவற்றில் இடமில்லை. வாயால் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

மறுவருடம் அவர்கள் வீட்டுக்கு இன்னொரு கடிதம் வந்தது. தாய் அதைப் பிரிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்தார். உறையைக் கண்டதும் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். தாய் உறையைக் கிழித்து, உதடுகள் அசைய, வெகுநேரம் தனக்குள்ளே வாசித்தார். முடித்ததும் தாளை மகளிடம் நீட்டினார்.

"நான் பாத்திட்டன். நல்ல கடிதம்தான். இப்ப நீ வாசி மகள்."

மாமிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த வரியை அவள் இரண்டு முறை வாசித்தாள்.