எம்டனுக்குப் பயந்த மாமனார்

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது எனக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். ஆவடியில் கணவரின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வளைகாப்பு ஆன கையோடு தாய்வீடு போயிருக்க வேண்டியவள் நான். ஆனால் அம்மா வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம். போர் வரும் போலிருக்கிறதே என்று இழுத்தடித்த மாமனார், கடைசியில் அனுப்பவே முடியாது என்றுவிட்டார்.

எல்லாம் அந்த எம்டனால் வந்தது. முதல் உலகப் போரில் அந்த ஜெர்மன் கப்பல் மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவர் சின்னப் பையன். எண்ணெய்த் தொட்டிகள் எரிவதைப் பார்த்து ஊரே மூட்டை கட்டியதாம். அவர் குடும்பம் நடந்தே நசரத்பேட்டைக்கு வந்து, வயல்கூலிக்கு அங்கேயே நின்றுவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எந்தக் காலத்துக் கப்பல்! ஆத்திரத்தில் இரண்டு வேளை சர்க்கரை போடாத காபி கொடுத்தேன். மனுஷர் வாயே திறக்காமல் குடித்தார்.

ஒரு நாள் அம்மா ரயிலேறி வந்துவிட்டாள். பேரப்பிள்ளை பிறக்கும்வரை மருமகன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று இருந்தவள், நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இன்னா சம்மந்தி, பக்கத்துலயே டாங்கி பண்ற ஃபேக்டரிய வெச்சுக்கினு எங்கூட்டப் பாத்து பயப்படுறீங்க? குண்டு போடுறவன் மொதல்ல இங்கதான் போடுவான்."

"கடல்ல வர்றவனுக்கு உன் ஊடுதாம்மா மொதல்ல."

குண்டு யார் வீட்டுக்கு என்று இருவரும் ஏலம் விடாத குறை. நான் இடுப்பு கடுக்க நின்றுகொண்டிருந்தேன். உட்கார் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்தக் கப்பல் உங்க ஊட்ல யாரையாவது சாவடிச்சுதா? எப்பப் பாரு எம்டன், எம்டன்னுகினு!" என்றாள் அம்மா.

"எங்கம்மா போய்ட்டா" என்றார் மாமனார்.

எத்தனையோ முறை சொன்ன கதையில் இது வந்ததே இல்லை.

"அவளுக்கும் மாசம் நெறஞ்சிருந்துச்சு. பூந்தமல்லி ரோட்ல நடக்க சொல்ல வலி எடுத்துச்சு. கொயந்த தங்கல. அவளும் கண்ணு முழிக்கல."

"குண்டு பட்டுச்சா?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா. ஓடியாந்ததுலதான்."

சொன்னவர் அப்படியே தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காபியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அப்ப இவள எங்கியும் அலைய உட வேணாம். நானே இங்க இருந்து பாத்துக்குறேன்" என்றாள்.

"ராயபுரத்துல நாலு பேரு பேசுவாங்கம்மா" என்றேன் நான்.

"பேசிக்கினு போவட்டும், நீ சும்மா கெட."

சண்டை ஓய்ந்த பிறகு ஆவடி ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. அம்மா குழந்தையோடு வெளியே போய், "பேத்தி பொறந்துகீறா சம்மந்தி, பாருங்க" என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"கொயந்தைய அப்பறம் பாக்கறேன்" என்றார் மாமனார். "அவ கண்ணு முழிச்சுக்கினாளா?"

அம்மா பதில் சொல்வதற்குள், இருந்த தெம்பையெல்லாம் சேர்த்து நானே கத்தினேன்: "முழிச்சுக்கினுதான் கீறேன் மாமா!"