மிளகாய் வறுக்கும் ஆஸ்திரேலிய தினம்

லண்டன் டூட்டிங்கில் ஒரு கடையில் வறுத்த மிளகாய்த்தூள் மணந்ததும், இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்ட பழைய விடுதி ஒன்று நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் அப்பா அங்கே காவலாளி. நாங்கள் நிலவறையில் இருந்தோம். நகரக் கவுன்சிலில் வாடகை வீட்டு விதிகளைச் சரிபார்த்தே முப்பது வருடம் கழித்தவன் சொல்கிறேன், அந்த அறையே விதிக்குப் புறம்பானது. ஆனால் மிளகாய் மணந்தால் வெளியேற வேண்டும் என்று விடுதிக்காரர் எழுத்திலேயே தந்திருந்தார்.

மேல்மாடியில் தங்கியிருந்த ஆஸ்திரேலியர்கள், தங்கள் நாட்டில் வெள்ளையர் குடியேறிய நாளை, ஜனவரிக் குளிரில் அரைக்காற்சட்டையோடு முற்றத்தில் இறைச்சி சுட்டுக் கொண்டாடுவார்கள். அந்த ஒருநாள் புகையை மட்டும் விடுதிக்காரர் பொறுப்பார். அதன் மறைவில்தான் அம்மா வருடத்துக்கான மிளகாயை வறுப்பார்.

ஒருமுறை மழை பிடித்துக்கொள்ள, அவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மதுக்கடைக்குப் போய்விட்டார்கள். அம்மாவின் சட்டியிலோ மிளகாய் வறுபடத் தொடங்கிவிட்டது. சைவம் தவறாத அப்பா குடையோடு முற்றத்துக்கு ஓடி, அணையவிருந்த நெருப்பை ஊதி, இடுக்கியை எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, அது மாட்டிறைச்சியெல்லோ!”

“தெரியும். நீ மிளகாயைக் கருகவிடாதை.”

மேலே ஜன்னல் திறந்தது. விடுதிக்காரர் இருமினார். அப்பா முகத்தைத் திருப்பியபடியே இறைச்சியைப் புரட்டிவிட்டு, இடுக்கியை உயர்த்தினார்.

“ஹாப்பி ஆஸ்திரேலியா டே, சேர்!”

ஜன்னல் மூடிக்கொண்டது.