மாமனுக்கு ஒரு நாள்

இந்த ஊரில் துக்கத்துக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். லீட்ஸில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், சொந்தத்தில் யாராவது இறந்துபோனால் கணினியில் 'பிரீவ்மென்ட் லீவ்' என்றொரு படிவத்தைத் திறந்து, இறந்தவர் நமக்கு என்ன உறவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறப்பு என்றால் ஐந்து நாள் விடுப்பு. பட்டியலின் அடியில் 'மற்றவர்' என்று இருக்கும். அதற்கு ஒரு நாள். ஆனைமலையில் இறந்துபோன என் தாய்மாமன் அந்த மற்றவருக்குள்தான் அடங்கினார். ஆண்டு விடுப்பையெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கரைத்துவிட்டேன். ஐந்து நாள் கிடைத்தால் கருமாதிக்காவது போய்ச் சேரலாம்.

எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். கோவை விமான நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, "அங்க குளுரு சாஸ்தியா இருந்தா ஒரு போன் போடு அம்மணி, நான் பேசிக்கறேன்" என்று குளிரையே மிரட்டிவைத்தவர்.

மேலாளர் ஹெலன் நல்லவள். தேநீர் போட்டுக் கொடுத்து, "நீங்கள் இருவரும் நெருக்கமா?" என்று கேட்டாள். தாய்மாமனைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் கேட்காத கேள்வி. பேசினாலும் பேசாவிட்டாலும் மடி அவருடையதுதானே. அதை ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவாக நெருக்கமில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். 'ரீவ்' என்றால் பழைய ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பது. பிரீவ்மென்ட் என்றால் பறிக்கப்பட்ட நிலை. சாவுக்கு மட்டும்தான் இப்போது அதைச் சொல்கிறார்களாம். நாமும் அண்ணனைப் பறிகொடுத்தாள் என்றுதானே சொல்கிறோம். இத்தனை தூரம் தள்ளியிருப்பவர்களும் சாவைத் திருட்டாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பிறகு எதற்கு, பறிபோனது யார் என்று கேட்டு நாள் கணக்குப் போடுகிறார்கள் என்று கோபம் வந்தது.

தாராபுரத்திலிருந்து அப்பா அழைத்தார். படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"என்னைய எழுதிப்போடு கண்ணு."

"என்னப்பா சொல்றீங்க?"

"அப்பன் செத்துட்டான்னு எழுதிப்போட்டு வா. கம்ப்யூட்டர்லதான? மச்சானுக்காக ஒருக்கா செத்தா நானென்ன கொறஞ்சா போயிருவேன்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பெற்றோர்' என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என்றைக்கோ ஒருநாள் இதை நிஜமாகவே அழுத்த வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் விரலை எடுத்துவிட்டேன். கருமாதிக்குப் போக எவ்வளவு ஆசையிருந்தும் என்னால் முடியவில்லை. 'மற்றவர்' என்று அழுத்தி அனுப்பினேன்.

அந்த ஒரு நாள் விடுப்பில், மாமனை எடுத்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னபோது இங்கே காலை. எழவு வீட்டுக்குப் போய்வந்தால் வெளியிலேயே தலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். நான் எங்கேயும் போகவில்லை. ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து திரும்பினேன். படியில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டேன். மாமன் மிரட்டிய அதே குளிர்.

எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "சாவி தொலைந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

இல்லையென்று தலையசைத்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போகத்தான் கால் வரவில்லை.