மகளுக்கு அவுட் கொடுத்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவில், கிள்ளானில் ஒரு பள்ளித் திடலில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் பயிற்சிக்காக வாரம் தவறாமல் அவளை அங்கே கூட்டிப் போவேன். பள்ளிக் காலத்தில் நானும் அந்த விளையாட்டை ஆடியவன். பிறகு நடுவர் பயிற்சிக்கும் போயிருக்கிறேன். அதனால் திடலில் கோடு போடுவது, பயிற்சி ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பது எல்லாம் மெல்ல மெல்ல என் வேலையாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜொகூரில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு அப்போது அணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அது கேட்சருக்கானது; அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவருக்கு. அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி சுபாங் ஜெயாவிலிருந்து வரும் அவளுடைய தோழி. இரண்டு பேரும் ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடுகிற அளவுக்கு நெருக்கம். யார் போவது என்பதில் அவர்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இருந்ததாகத் தெரியவில்லை. பிரச்சினை எனக்கும் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும்தான்.

அந்த வாரம் புதன்கிழமை, பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு வரி போட்டிருந்தார். "சிலர் பிள்ளைங்களுக்கு செலெக்‌ஷன் எல்லாம் முன்னாடியே முடிஞ்சிடுது போல." பக்கத்தில் கை கூப்பும் படம் வேறு. பெயர் எதுவும் இல்லை. ஆனால் பயிற்சி கொடுக்கும் ஆசிரியைக்கு உதவியாக நிற்பவன் நான் ஒருவன்தான் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பதில் போடவில்லை, நானும் போடவில்லை. அலுவலகத்தில், சாப்பாட்டு மேசையில், படுக்கையில் என்று அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. என் நேர்மையைப் பற்றிப் பேச இவர் யார் என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை, பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து ஓர் ஆட்டம் வைத்தார் ஆசிரியை. அதை வைத்துத்தான் ஆள் எடுப்பார் என்று நாங்கள் நினைத்தோம். நடுவராக நிற்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒதுங்கினால் அந்த அப்பா குழுவில் சொன்னது உண்மை என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. நடுவருக்கான முகமூடியை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா ஆட்டம் முழுவதும் எனக்கு நேர் பின்னால், கம்பி வேலியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு முறை தீர்ப்பு சொல்லும்போதும் தொண்டையைக் கனைத்தார்.

கடைசிச் சுற்று. என் மகளின் பக்கம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மூன்றாவது தளத்தில் என் மகள் நின்றாள். எனக்கு முன்னால் கேட்சராக அவளுடைய தோழி உட்கார்ந்திருந்தாள். அடித்த பந்து வலப்பக்கம் உருண்டது. என் மகள் ஓடி வந்தாள். திடலிலிருந்து பந்தும் பறந்து வந்தது. ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டை அவள் கால் தொடுவதற்குள், பந்துள்ள கையுறை அவள் மேல் பட்டுவிட்டால் அவுட். படாவிட்டால் சேஃப்.

மகள் சறுக்கி வந்தாள். தோழி பந்தைப் பிடித்துக் கையுறையை வீசினாள். கையுறை மண்ணைத்தான் தொட்டது. என் மகளின் முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவள் கால் பிளேட்டின் மேல் இருந்தது. நான் இரண்டு அடி தூரத்தில் குனிந்து நின்றேன். தெளிவாகப் பார்த்தேன்.

வேலிக்குப் பின்னால் அதே கனைப்புச் சத்தம் கேட்டது.

என் கை முஷ்டியாக மேலே போனது. "அவுட்" என்றேன், தேவைக்கு மேலேயே சத்தமாக.

யாரோ கை தட்டினார்கள். என் மகள் மண்ணில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். எனக்குள் ஓர் அசிங்கமான திருப்தி எழுந்தது. இப்போது என்ன சொல்வார் என்று பார்ப்போம் என்று வேலிப் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் தன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நான் தொடல. அவ சேஃப்."

ஆசிரியை பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். மற்ற பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தீர்ப்பை மாற்றினால், மகளுக்காக மாற்றினான் என்றுதான் பேசுவார்கள். என் மூளைக்கு அது மட்டும்தான் எட்டியது.

"தொட்ட, கேர்ள். நான் பார்த்தேன்" என்றேன்.

"இல்ல அங்கிள், நெஜமா படல."

வேலிக்குப் பின்னாலிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது. "நடுவர் சொல்லிட்டாருல்ல. வாய மூடிக்கிட்டுப் போ லா."

"தெரியாம பேசக்கூடாது. பொய் சொல்லிப் பழகாத" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர்ப் புட்டிகள் இருந்த பக்கம் போய்விட்டாள். என் மகள் அவள் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்தேன்.

திரும்பும்போது காரில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. ஷா ஆலம் தாண்டும்வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். நடுவர் என்றால் சொந்தபந்தம் பார்க்கக்கூடாது, அப்பா நியாயமாக நடந்துகொண்டது ஒருநாள் உனக்குப் புரியும் என்று ஏதேதோ சொன்னேன்.

"நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்டாள்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"எனக்கு அவுட் குடுத்தது பரவால்லப்பா. நீங்க அவள பொய் சொல்றான்னு சொன்னீங்க. அவ உண்மையத்தானே சொன்னா."

அழாமல், கோபப்படாமல் சொன்னாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அடுத்த வளைவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, காரை சுபாங் ஜெயா பக்கம் திருப்பினேன். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை.

அவர்கள் வீடு ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடி. கதவைத் திறந்தவர் அந்த அப்பாதான். என்னைப் பார்த்ததும் அவர் தோள்கள் விறைத்தன. வெளியே இருந்த இரும்புக் கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கேட்டார்.

"என்ன பிரதர், வீடு வரைக்கும் வந்துட்டீங்க? சண்டை போடணுமா?"

"உங்ககிட்ட இல்ல. உங்க மககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"என்கிட்டயே பேசுங்க."

"நான் தப்பா அவுட் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். அதச் சொல்லணும்."

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இன்னும் விளையாட்டு உடையிலேயே இருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவளிடம் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி. நீ தொடல. அங்கிள் பார்த்தும் பொய் சொன்னேன். உன்னைப் போய் பொய் சொல்றதா சொன்னது ரொம்பத் தப்பு. மன்னிச்சிரும்மா."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தன் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பார்த்தேன். எனக்கும் தெரியும்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகுதான் கம்பிக் கதவைத் திறந்தார். நாங்கள் உள்ளே போய் உட்காரவில்லை. என் மகள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அறைக்குள் இரண்டு பேரும் ஏதோ பேசுவது கேட்டது. நாங்கள் இரண்டு அப்பாக்களும் நடையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றோம். வாட்ஸ்அப்பில் போட்டதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கிருந்தே ஆசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "சார், அந்த ஒரு அவுட்ட வெச்சா நான் ஆள் எடுப்பேன்? ரெண்டு மாசமா பார்த்துக்கிட்டு இருக்கேன். இந்த தடவ அந்தப் பொண்ணுதான். அவ கை ஸ்ட்ராங். வியாழக்கிழமையே எழுதி வெச்சிட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இனிமே நீங்க ரெண்டு அப்பாக்களும் பார்க்கிங்லயே இருங்க. பிள்ளைங்கள நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அந்தப் பெண் ஜொகூருக்குப் போனாள். வேன் புறப்பட்ட காலையில் என் மகள்தான் அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தாள். அடுத்த வருடம் என் மகளுக்கும் இடம் கிடைத்தது. இரண்டு பேரும் இன்றும் தோழிகள்தான். அந்தப் பெண் இப்போதும் என்னைப் பார்த்தால் மரியாதையாக "ஹாய் அங்கிள்" என்பாள். ஆனால் முன்பு போல ஓடி வந்து, ஆட்டத்தில் என்ன செய்தேன் தெரியுமா என்று கதை சொல்வதில்லை. அதை நான் கேட்டு வாங்கவும் முடியாது.

இப்போதும் யாராவது என்னைப் பார்த்து நீங்கள் ரொம்ப நியாயமான ஆள் என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. அந்த நியாயத்தை யாருக்குக் காட்டுவதற்காகச் செய்தேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.