மாலையைக் கழற்றிய நாள்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். தம்பியின் மானம் போகுமே என்றுதான். இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

என் தம்பி பூனாவில் என்னோடு தங்கி, ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தான். வயிற்றுவலிக்கு மார்பியா என்ற போதை ஊசி போட்டுக்கொண்டவன், வலி போன பிறகும் அதை விட முடியாமல் தவித்தான். நான் பழனியாண்டவனுக்கு நேர்ந்துகொண்டு, அவன் கழுத்தில் மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கவைத்தேன். ஊசியைத் தொடவே இல்லை. மண்டலம் முடிந்த மறுநாள் காலை நானே மாலையைக் கழற்றினேன். நோயும் அதோடு முடிந்தது என்று நம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பூனா கேம்ப் பகுதிக் கொட்டகையில் ஓர் இங்கிலீஷ் படம். ஊசிக்கு அடிமையானவன் கதை என்றார்கள். புத்தி வரட்டும் என்று கூட்டிப்போனேன். திரையில் கதாநாயகன் மீண்டு, மறுபடி ஊசியை எடுத்தான். தம்பி தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"வேர்க்குதுண்ணே. ஒரு சாய் குடிச்சிட்டு வர்றேன்."

"போகாதடா, உக்காரு."

"விரதந்தான் முடிஞ்சிருச்சுல்ல? இன்னும் எதுக்குண்ணே காவல்?" என்று சிரித்தான்.

படம் முடிந்தும் அவன் வரவில்லை. தேடிப் போனபோது அவன் வேலை பார்த்த டிஸ்பென்சரியின் பின்கட்டில், பக்கத்தில் ஊசியோடு கண் சொருகிக் கிடந்தான். காலையில் கழற்றிய மாலை என் சட்டைப்பையில் இருந்தது. "முருகா, நாற்பத்தொன்பதாம் நாளை நான் நினைக்கவே இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

இதை யாருக்காவது சொன்னால், ஊசியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மாலையைக் கழற்றியவன் நான் என்பதையும் மாற்றாமல் சொல்லுங்கள்.